அண்ணனின் அலட்சியம், தம்பியின் கணக்கு

2007 நவம்பர் 3 அன்று ஈஸ்ட் லான்ஸிங்கில் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் கடைசிக் கட்டத்தில் 24-14 என்று பின்தங்கிக் கிடந்தது. எதிரே, அதே மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட். மீதமிருந்த சில நிமிடங்களில் மிச்சிகன் இரண்டு டச்டவுன் அடித்து 28-24 என்று ஜெயித்துவிட்டது. பிறகு நிருபர்கள் கேட்டபோது, பந்தைச் சுமந்து ஓடுவதில் பேர்பெற்ற மிச்சிகன் ஆட்டக்காரர் மைக் ஹார்ட் சிரித்தபடி ஒரு விளக்கம் கொடுத்தார். தம்பியோடு கூடைப்பந்து ஆடும்போது அவன் கொஞ்சம் குஷியாகட்டுமே என்று முன்னே போகவிடுவோமில்லையா, அப்புறம் பிடுங்கிக்கொள்வோமில்லையா, அப்படித்தான் இதுவும் என்றார்.

மிச்சிகன் ஸ்டேட்டுக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் மார்க் டான்டோனியோ இதைச் சிரித்துக் கடந்துவிடவில்லை. தலைக்கனம் வீழ்ச்சியில்தான் முடியும், இது இத்தோடு தீரப்போவதில்லை என்று பதில் சொன்னார். தீரவும் இல்லை. 2008 முதல் 2015 வரை நடந்த எட்டு ஆட்டங்களில் ஏழில் ஜெயித்தது ‘தம்பி’தான்.

இது நமக்குப் பழகிய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பதுமான அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி மாணவர்கள் ஆடும் அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் திரள்கிறார்கள். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் மைதானத்தின் இருக்கை எண்ணிக்கையே 1,07,601. எம்.எஸ். படிக்க அந்த ஊர்களுக்குப் போகும் நம் பிள்ளைகளும் எந்தச் சனிக்கிழமை எந்த நிறச் சட்டை போடக் கூடாது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

ஒரே மாநிலத்துக்குள் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தால் அங்கே ஒரு விசித்திரமான பகை இருக்கும். ஒரு தரப்பு ஆண்டு முழுக்க அந்த ஒரு ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். மறு தரப்போ, ‘அவர்களா? எங்கள் உண்மையான எதிரி வேறு ஆள்’ என்று கொட்டாவி விடும். மிச்சிகனைக் கேட்டால் பக்கத்து மாநிலமான ஒஹாயோவைக் காட்டும், டெக்சாஸைக் கேட்டால் ஓக்லஹோமாவை. இதை வைத்து, சின்னவர்களுக்குத் தாழ்வு மனப்பான்மை, பெரியவர்களுக்குப் பெருந்தன்மை என்று ஒரு தீர்ப்பு அங்கே வெகுநாளாகப் புழங்குகிறது. தீர்ப்பின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதி சுத்தப் பொய்.

பங்காளிச் சண்டையைப் போலவே இதற்கும் வேர் சொத்தில்தான் இருக்கிறது. பல மாநிலங்களில் ஒரு பல்கலைக்கழகம் வக்கீல்களையும் மருத்துவர்களையும் உருவாக்கியது. மற்றொன்று விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கப்பட்டது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், இரண்டாவது வகைக் கல்லூரிகளுக்கு மத்திய அரசின் நிலத்தைக் கொடுத்து வளர்த்தது. மிச்சிகன் ஸ்டேட் அதற்கும் முன்பே, 1855இல் விவசாயக் கல்லூரியாகப் பிறந்து அந்தச் சட்டத்துக்கே முன்மாதிரியாக இருந்தது. ஆர்பர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் எல்லாம் இந்த வம்சம்தான். ஏர் பிடிக்கிறவன் பிள்ளை ஒரு பக்கம், கோர்ட்டில் வாதாடுகிறவர் பிள்ளை இன்னொரு பக்கம். மைதானத்தில் கேட்கிற ஏளனத்தின் உள்ளே இருப்பது இந்தப் பழைய வர்க்கத் திமிர்.

மிச்சிகனில் அது ஏளனத்தோடு நிற்கவில்லை. பிக் டென் என்ற பெருமைமிக்க லீக்கில் சிகாகோ பல்கலைக்கழகம் காலி செய்த இடத்துக்கு மிச்சிகன் ஸ்டேட் முயன்றபோது அதை விரும்பாதவர்களில் முதல் ஆள் பக்கத்து வீட்டு மிச்சிகன்தான். 1949இல் அனுமதி கிடைத்து, 1953 முதல் லீக் ஆட்டங்களில் இறங்கியது மிச்சிகன் ஸ்டேட். ‘கல்லூரி’ என்ற பெயர் 1955இல் ‘பல்கலைக்கழகம்’ ஆனபோதும் ஆன் ஆர்பரிலிருந்து ஆட்சேபம் வந்தது.

1953இல் மாநில ஆளுநர் மென்னன் வில்லியம்ஸ் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு கோப்பை கொடுத்தார். கோப்பை என்று சொன்னாலும் அது நாலடி உயர மரப்பொம்மை. பால் பன்யன் என்கிற கட்டுக்கதை மரவெட்டியின் உருவம். முதல் ஆண்டில் அதை மிச்சிகன் ஸ்டேட் ஆசையாகத் தூக்கிப்போனது. அடுத்த ஆண்டு ஜெயித்த மிச்சிகன் அதைச் சீந்தவில்லை. மைதானத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்த பொம்மை பிறகு சாமான் அறைக்குள் போனது. ஜெயித்த ஸ்கோரைக்கூட அதில் பொறிக்கவில்லை. அக்கறையே இல்லாதவன் கோப்பையை வாங்கிப் பேசாமல் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவான். வாங்க மாட்டேன் என்று காட்டிக்கொள்ள நிறைய அக்கறை வேண்டும்.

ஆன் ஆர்பர் மைதானத்தில் 2015 அக்டோபர் 17 அன்று நடந்ததை மிச்சிகன்காரர்கள் இன்றும் பேச விரும்புவதில்லை. மிச்சிகன் 23-21 என்று முன்னணியில் இருக்கிறது. பாக்கி 10 நொடி. பந்து அவர்கள் கையில். காலால் ஓங்கி உதைத்துத் தூர அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. பின்னோக்கி வீசப்பட்ட பந்து உதைக்க வேண்டியவரின் கையில் தங்காமல் நழுவியது. தரையில் இருந்ததைப் பொறுக்கி அவசரமாக உதைக்கப்போனார். அதற்குள் நாலு பேர் மேலே விழ, பந்து காற்றில் எகிறி மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் வந்து விழுந்தது. அவர் 38 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. 27-23. ஆட்டம் முழுக்க ஒரு நொடிகூட முன்னணியில் இல்லாத அணி, நேரம் தீர்ந்த பிறகு முன்னணிக்கு வந்து ஜெயித்தது. சந்தோஷத்தில் சக ஆட்டக்காரர்கள் எல்லாரும் மேலே விழுந்து அமுக்கியதில் வாட்ஸ்-ஜாக்சனின் இடுப்பெலும்பு விலகி முறிந்து, வெற்றி வீரர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அரங்கில் பல்லாயிரம் பேர் தலையில் கைவைத்தபடி உறைந்து நின்றார்கள். ‘அவர்கள் எங்களுக்கு எதிரியே இல்லை’ என்று சொன்னவர்களின் முகம் அப்படி இருக்காது.

அலபாமாவில் விவகாரம் இன்னும் முற்றியது. அலபாமா பல்கலைக்கழகமும் ஆர்பர்னும் 1907இல் 6-6 என்று சமனில் முடித்த பின், பயணப்படி எவ்வளவு, நடுவர் யார் என்ற சில்லறைத் தகராறில் 41 ஆண்டுகள் மோதவே இல்லை. 1947இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு நெருக்க வேண்டிவந்தது. 1948 ஆட்டத்தன்று காலை இரு மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாமில் ஒரு பூங்காவில் கோடாரி ஒன்றைக் குழிதோண்டிப் புதைத்துச் சமாதானம் செய்தார்கள். பிறகு மைதானத்தில் அலபாமா 55-0 என்று நொறுக்கியது. சமாதானத்தின் லட்சணம் அது.

அலபாமா பயிற்சியாளர் ‘பேர்’ பிரையன்ட் ஆர்பர்னை ‘மாட்டுக் கல்லூரி’ என்பார். அவரே அர்கன்சாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அலபாமாவுக்கு வருமுன் 1954 முதல் 1957 வரை டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்கிற மற்றொரு மாட்டுக் கல்லூரியில்தான் சம்பளம் வாங்கினார். 1972இல் தோல்வியே காணாமல் வந்த அவருடைய அணியை ஆர்பர்ன் 17-16 என்று கவிழ்த்தது. அலபாமா உதைத்த பந்தைக் கடைசிக் கால் பகுதியில் இரண்டு முறை தடுத்து, இரண்டையும் டச்டவுனாக மாற்றிய ஆட்டம் அது.

அலட்சியத்தின் உண்மையான பலம் வாய்ச்சொல்லில் இல்லை, ஆடும் இடத்தை யார் தீர்மானிப்பது என்பதில் இருந்தது. 1948க்குப் பின் நாற்பது ஆண்டுகளாக எல்லா ஆட்டமும் பர்மிங்ஹாம் லீஜன் ஃபீல்டில் நடந்தது. பொது மைதானம் என்று பெயர். ஆனால் அது அலபாமாவின் ஊருக்குப் பக்கம், அந்த அணி தன் மற்ற பெரிய ஆட்டங்களையும் ஆடிப் பழகிய இடம். ஆர்பர்ன் ஊருக்கு வந்து ஆட அலபாமா மறுத்துக்கொண்டே இருந்தது. ஆர்பர்ன் பயிற்சியாளர் பாட் டை விடாமல் போராடிய பிறகு, 1989 டிசம்பர் 2இல்தான் அலபாமா அணி முதன்முறையாக ஆர்பர்னில் கால் வைத்தது. தோல்வியே காணாமல் வந்த விருந்தாளியை ஆர்பர்ன் 30-20 என்று அனுப்பிவைத்தது. பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம், டை அந்த நாளை அதோடு ஒப்பிட்டார். மிகைதான். ஆனாலும் சொந்த மண்ணில் ஒரு ஆட்டத்துக்காகத் தலைமுறைக் கணக்கில் காத்திருந்த ஊரிடம் அளவாகப் பேசு என்று யார் சொல்வது?

2010இல் 24-0 என்று முந்தியிருந்த அலபாமா 28-27 என்று தோற்றது. வெற்றி நாளில் ஆர்பர்ன் ரசிகர்கள் டூமர்ஸ் கார்னர் என்ற சந்திப்பில் இருந்த இரண்டு பழைய ஓக் மரங்களின் மேல் கழிப்பறைக் காகிதச் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். அந்த மரங்களின் வேரில் அலபாமா ரசிகர் ஒருவர் களைக்கொல்லியை ஊற்றினார். ஊற்றியதோடு நில்லாமல், 2011 ஜனவரியில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்குத் தானே போன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டார். ஜெயிலுக்குப் போனார். மரங்கள் 2013இல் வெட்டப்பட்டன. பெரிய அண்ணன் வீட்டுப் பெருந்தன்மை இந்த அழகில் இருந்தது.

டெக்சாஸ் கதையில் அண்ணன் தம்பி வரிசையே தலைகீழ். ஏ அண்ட் எம் 1876இல் திறக்கப்பட்டது, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1883இல். வயதில் மூத்தவரைத் தம்பியாக்கியது பாகப்பிரிவினைதான். மாநிலத்தின் எண்ணெய் நிலங்களிலிருந்து வரும் நிரந்தரப் பல்கலைக்கழக நிதியின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு டெக்சாஸ் தரப்புக்கு, ஒரு பங்கு ஏ அண்ட் எம் தரப்புக்கு.

ஏ அண்ட் எம் ரசிகர்களின் பிடிவாதம் பிரசித்தம். 1918இல் எழுதப்பட்ட அவர்களின் போர்ப்பாட்டில் எதிரியைப் பற்றிய பேச்சுதான் அதிகம். அது முடிந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, வரிசைக்கு வரிசை எதிர்த்திசையில் அசைந்து, டெக்சாஸின் சின்னமான காளையின் கொம்பை அறுப்பதாக அபிநயம் பிடிப்பார்கள். 1917இல் அந்தக் காளையின் மேலேயே 13-0 என்று சூடு போட்டுவிட்டு வந்தார்கள், 1915இல் தாங்கள் ஜெயித்த ஸ்கோர் அது. இதைச் சொல்லித்தான் ‘பைத்தியங்கள்’ என்று ஆஸ்டின் சிரிக்கும். ஆனால் ஆஸ்டினின் சொந்தப் பாட்டிலும் ஏ அண்ட் எம்மின் பெயர் வருகிறது. 1920இல் அந்தக் காளையைச் சமைத்து விருந்து வைத்தபோது, ஏ அண்ட் எம் ஆட்களையும் அழைத்துச் சோறு போட்டு, 13-0 தழும்புள்ள தோலை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நினைப்பே இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

சின்னவர்களிடமும் குறை உண்டு. ஒரு ஆட்டத்தை வைத்தே தன்னை அளந்துகொள்கிறவன், மற்ற பதினொன்றில் ஜெயித்தாலும் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போவான். அந்த வேகம் சில நேரம் அறிவையும் மறைக்கும். டெக்சாஸைத் தோற்கடிக்கும் வேட்கையின் அடையாளமாக ஏ அண்ட் எம் மாணவர்கள் ஆண்டுதோறும் கட்டிய சொக்கப்பனை 1999 நவம்பர் 18 அதிகாலையில் சரிந்தது. ஏறக்குறைய 5,000 மரத்தடிகள். 12 பேர் செத்தார்கள். ஆஸ்டின் மாணவர்கள் தங்கள் வழக்கமான ஆட்டக் கூட்டத்தை இரங்கல் கூட்டமாக மாற்றினார்கள். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தப் பகையில் ஒருவர் நினைத்தால் எழுந்துபோக முடியும், மற்றவரால் முடியாது என்பதுதான் இன்றைய சிக்கல். டெக்சாஸ் 2011இல் ஈ.எஸ்.பி.என்.னோடு சேர்ந்து, 20 ஆண்டுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தனக்கென்றே ஒரு சேனல் தொடங்கியது. பொறுக்காத ஏ அண்ட் எம் லீக்கை விட்டே கிளம்பியது. அவ்வாண்டு 118ஆவது ஆட்டத்தை டெக்சாஸ் கடைசி உதையில் 27-25 என்று வென்றது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேல் இரண்டு அணியும் சந்திக்கவில்லை. ஆட்டத்தைக் கட்டாயமாக்கச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் எங்கும் போய்ச்சேரவில்லை. கடைசியில் டெக்சாஸும் ஏ அண்ட் எம் இருந்த லீக்குக்கே வந்ததால்தான் 2024 நவம்பர் 30இல் மறுபடி மோதினார்கள். 17-7, டெக்சாஸ் வெற்றி. டெலிவிஷன் பணம் பிரித்தது, டெலிவிஷன் பணம் சேர்த்துவைத்தது. மக்கள் கேட்டது நடுவில் ஒருநாளும் காதில் விழவில்லை.

எல்லா மாநிலத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2024இல் பிக் டென்னுக்குப் போனபோது, பின்னால் விடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட்டோடு 2028 வரை ஆண்டுதோறும் ஆடுவதாக ஒப்பந்தம் செய்தது. முதல் ஆண்டே 24-19 என்று தோற்றது. ஓக்லஹோமாவில் அப்படியொரு காகிதமும் இல்லை. நூறாண்டுக்கும் மேல் விடாமல் நடந்த அந்த ஆட்டத்தில் 91 வெற்றி ஓக்லஹோமாவுக்கு, 20 ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு, 7 சமன். கடைசி ஆட்டம் 2023 நவம்பர் 4இல் ஸ்டில்வாட்டரில் நடந்தது, 27-24 என்று ஜெயித்தது சின்னவர். பெரியவர் அடுத்த ஆண்டு லீக் மாறிப் போனார். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள், இரண்டின் ஆட்சிக்குழுவிலும் ஆளுநர் நியமிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். லீக் மாற அனுமதி தரும் தீர்மானத்திலேயே, சொந்த மாநில ஆட்டம் தொடர வேண்டும் என்று ஒரு நிபந்தனையை அவர்கள் எழுதியிருக்கலாம். இப்போதும் இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு தேதி குறிக்கலாம். பயிற்சியாளர்களின் ரோஷத்துக்கும் விளம்பரக் கம்பெனிகளின் கணக்குக்கும் விட்டுவைத்தால் அந்தத் தேதி வரப்போவதில்லை.