ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு நடையாக

நம் பெண்கள் பலருக்கு, வைத்தியர் "சீனி வருத்தம்" என்று சொன்ன பிறகுதான் நடை ஞாபகத்துக்கு வருகிறது. அதுவும் வளவுக்குள் பத்துச் சுற்றோடு சரி. ஆண் பிள்ளைகள் கூட்டாளிமாரோடு மலையேறப் போனால், சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பதோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது. இந்த முறை பார்சலோடு நாமும் புறப்பட்டால் என்ன, சகோதரிகளே?

'பெக்கோ பாதை' என்று மலையகத்தில் ஒரு நெடும் நடைபாதை இருக்கிறது. பெக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகம். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை கொண்டுபோன தோட்டப் பாதைகளையே இணைத்துக்கொண்டார்கள்.

முழுவதையும் நடக்கச் சொல்லவில்லை. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிலிருந்து கலஹா வரையான முதற் பகுதி போதும். சுமார் 13 கிலோமீற்றர். ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் கை ஊன்றி ஏறும் மலையல்ல. பிள்ளைகளோடு, சாப்பாடு, தொழுகை எல்லாம் சேர்த்து ஐந்து ஆறு மணித்தியாலம் வையுங்கள். நூதனசாலை 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம்; 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அடுத்த பகுதி லூல்கந்துரவுக்குப் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம் அதுதான். ஆசை வந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம்.

தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதை மறக்க வேண்டாம். ஹந்தானையில் வேனை நிறுத்திவிட்டு நடந்தால், அதை எடுக்க யாராவது திரும்பிப் போக வேண்டும். இறக்கிவிட்டு, வேன் கலஹாவுக்குப் போய் நிற்கட்டும். மூட்டு வலிக்கார மாமியும் அதிலேயே போய்க் காத்திருக்கலாம். வேன் இல்லாதவர்கள் கண்டியிலிருந்து த்ரீவீலில் மேலேறி, கலஹாவிலிருந்து பஸ்ஸில் திரும்பலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே விசாரியுங்கள்.

அபாயாவின் ஓரம் ஈரப் புல்லில் நனைந்து கனத்துவிடும். நான்கு விரல் அளவு உயர்த்தி மடித்துத் தையுங்கள். உள்ளே காற்சட்டை, அதன் ஓரத்தைக் காலுறைக்குள் செருகுங்கள். செருப்பு வேண்டாம். காரணம் அட்டை! கடித்தால் கத்த வேண்டாம். நகத்தால் மெல்லத் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை.

பின்நேர மழைக்கு முன் முடிக்க, காலை ஏழு மணிக்கே நடக்கத் தொடங்குவது நல்லது. 2025 நவம்பர் புயலின்போது மலையகத்தில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் புறப்பட வேண்டாம். அடைமழைக் காலத்தில் போகவே வேண்டாம்.

வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்பீர்கள். நமக்கு உல்லாசமான அந்த ஏற்றத்தை அவர்கள் பாரத்தோடு தினமும் ஏறுகிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழி தவறினால் அவர்களிடமே கேளுங்கள். அந்தப் பாதையை அவர்களைவிட அறிந்தவர் யார்? கலஹாவில் இறங்கியதும் முதல் வேலை பிளேன்டீ. கொஞ்சம் கருப்பட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.