வரம்புக்கு வெளியே ஐந்து தோட்டங்கள்

ஹாங்காங்கின் டிவிபி நிறுவனம் தயாரித்து 2014-இல் ஒளிபரப்பிய ஒரு தொடரின் காட்சிகள் செகிஞ்சானில் படமாக்கப்பட்ட பிறகு, அதுகாறும் நெல்லுக்கும் மீனுக்குமே பேர்போயிருந்த அந்தக் கடலோரச் சிற்றூருக்கு உல்லாசப் பயணிகள் திரள் திரளாக வரத் தொடங்கினார்கள் என்பது வட சிலாங்கூரில் அநேகமாக எல்லாரும் அறிந்த விஷயம். ஆகவே, தொலைக்காட்சித் தயாரிப்புக்குச் சர்க்கார் கைகொடுப்பது வீண் ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோரின் அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. யாருக்கு, எந்த வரம்புக்கு மேல் என்பதே என் கேள்வி.

2013 முதல் ஃபினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் நடத்திவரும் 'ஃபிமி' திட்டத்தின்படி, தயாரிப்பாளர் இந்நாட்டில் செய்யும் தகுதியான செலவில் 30 விழுக்காடு ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. வரிச்சலுகை என்று பொதுவில் பேசப்பட்டாலும், வரி கட்ட வேண்டிய லாபமே ஈட்டாத நிறுவனத்துக்கும் கிடைப்பதால் இது உண்மையில் மானியமே. நெட்ஃபிளிக்ஸின் 'மார்க்கோ போலோ' இத்திட்டத்தின் ஆதரவில் ஜொகூர் இஸ்கந்தர் படப்பிடிப்புக் கூடத்தில் உருவாயிற்று. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காகப் பினாங்கு சிம்லாவாக வேஷம் போட்டதும் அதே காலத்தில்தான். ஆனால், திட்டத்துக்குள் நுழைய வெளிநாட்டார் 50 இலட்சம் ரிங்கிட்டும் உள்நாட்டார் 25 இலட்சம் ரிங்கிட்டும் செலவிடத் திராணி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று வைக்கப்பட்ட நிபந்தனையைக் கவனித்தால், சொற்ப முதலீட்டில் நாடகம் எடுக்கும் நம் தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு அது எட்டாக்கனி என்பது விளங்கும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதையைச் சொல்லி, 2016-இல் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்ற 'ஜகாட்' போன்ற படைப்புகள் பெருமுதலின் துணையோடு பிறப்பவை அல்ல.

இதே வரம்புக் கேள்வியோடு வீட்டு விஷயத்துக்கு வருவோம். 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, வீட்டு விலையின் முதல் ஓர் இலட்சத்துக்கு 1 விழுக்காடும், அதற்குமேல் ஐந்து இலட்சம் வரை 2 விழுக்காடும் பெயர்மாற்ற வரி. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு தனி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு ஐந்து இலட்சம் வரை இவ்விரண்டும் 2021 முதல் முழுவதுமாக விலக்கப்பட்டிருக்கின்றன. சலுகை 2027 முடிய நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. கணக்கைச் சற்றே போட்டுப் பாருங்கள்: ஐந்து இலட்சத்துக்கு வீடு வாங்கி, பத்தில் ஒன்பது பங்கைக் கடனாகப் பெறுகிறவருக்கு மிச்சமாவது 11,250 ரிங்கிட், 42,000 ரிங்கிட் மலிவு வீட்டை அதே விகிதத்தில் கடன்பட்டு வாங்குகிறவருக்கு 609 ரிங்கிட். வங்கிக் கடனே கிடைக்காதவருக்கோ ஒன்றுமில்லை. வசதி ஏற ஏற ஏறும் இந்தத் தயாளம், ஏழைக்கு வீடு என்ற கோஷத்தின் நிழலில் சுகமாக நடமாடுகிறது.

இந்த 'ஒன்றுமில்லை' என்ற வர்க்கத்தைக் காணக் கோல சிலாங்கூரை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் இம்மாவட்டத்துத் தென்னமரத்தில்தான் போடப்பட்டது; அவர் இந்த மண்ணின் வாழ்வை வைத்து நாவல் எழுதி 1930-இல் தம் தேசத்தின் உயரிய கொன்கூர் பரிசையும் பெற்றார். ஆனால், அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையில் இருக்கும்வரை கூரை நன்றாக இருக்கட்டும் என்றதே ஒழிய, வேலை ஓய்ந்தபின் அந்தக் கூரை எவருடையது என்ற பிரச்னையைத் தொடவில்லை.

மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகக் காத்திருந்த காலம் கால் நூற்றாண்டுக்கும் மேல். 2024 மே மாதத்துக் கோல குபு பாரு இடைத்தேர்தலில் அக்கோரிக்கை மேடைதோறும் எதிரொலித்தது. 245 வீடுகளுக்கான திட்டமும், அதற்குக் கூட்டரசின் 4 கோடி ரிங்கிட் ஒதுக்கீடும் பேச்சுக்கு வந்தன. தேர்தல் வந்தால்தான் ஞாபகம் வருமோ என்று கேட்பது நாகரிகமல்ல என்பதால் கேட்கவில்லை. எனினும், இங்கே பலன் தந்த வழி, நிலமும் நேரடி நிதியும்; முத்திரை வரி விலக்கு அன்று.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட விலைக்குரிய விலக்கையேனும் பாதியாக்கி, அதனால் வசூலாகும் தொகையை, நிலையான வருமானச் சான்று காட்ட இயலாதவர்களின் வீட்டுக்கடனுக்குப் பொறுப்பேற்கும் எஸ்ஜேகேபி நிறுவனத்துக்குத் திருப்பிவிடலாம்; ஃபிமியின் உள்நாட்டு வரம்பை இறக்கி, தாய்மொழித் தொடர்களுக்கெனத் தனிப் பங்கும் வைக்கலாம். இரண்டுக்கும் புதுச் சட்டம் எதுவும் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நிதியமைச்சின் உத்தரவுகளே போதும். விலக்கு காலாவதியாகும் 2027 டிசம்பருக்குள், அந்த வருஷத்து வரவுசெலவுத் திட்டத்திலாவது இதைச் செய்துவிடலாம்.