கையெழுத்திட்டவர் எங்கே?

2015 அக்டோபரில் இந்தோனேசியாவின் பாலி விமான நிலையத்தில் மும்பை நிழலுலக தாதா சோட்டா ராஜன் பிடிபட்டபோது, அவரிடம் இருந்தது மோகன் குமார் என்ற பெயரில் எடுத்த இந்திய பாஸ்போர்ட். ஏதோ ஒரு பின்னறையில் அச்சடித்த போலிப் புத்தகம் அல்ல அது. பெங்களூரு பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கிய அசல் புத்தகம். உள்ளே இருந்த பெயர்தான் பொய். 2017 ஏப்ரலில் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஓய்வுபெற்ற பாஸ்போர்ட் அலுவலக ஊழியர்கள் மூவருக்கும் அதே 7 ஆண்டு. தாதாவின் பெயர் தலைப்புச் செய்தியானது. அந்த மூவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. பேசியிருக்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

நடிகை மோனிகா பேடி வழக்கும் இதே ரகம். கர்நூல் முகவரியைக் காட்டி, சனா மாலிக் கமால் என்ற பெயரில் அவருக்கு பாஸ்போர்ட் எடுக்கப்பட்டது. சிபிஐ தொடுத்த வழக்கில் காவல்துறையினரும் ஒரு தபால்காரரும்கூடக் குற்றம்சாட்டப்பட்டனர். விண்ணப்பதாரர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்களும், உறை அவர் கையில்தான் சேர்கிறதா என்று பார்க்க வேண்டியவர்களும் வாய்மூடி இருந்தால்தான் இப்படிப்பட்ட பாஸ்போர்ட் வெளியே வரும்.

சட்டத்தில் குறை இல்லை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவு, பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் எடுப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆள்மாறாட்ட மோசடிக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 3 ஆண்டாக இருந்த உச்ச வரம்பு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டாகிவிட்டது. 2025-இன் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமோ போலி பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துபவருக்கும் அதை வழங்குபவருக்கும் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கடுமை காட்டுகிறது.

ஆனால் விமான நிலைய கவுன்டரில் சிக்குவது எப்போதும் பயணிதான். பணத்தை வாங்கிய ஏஜென்ட் அங்கே நிற்பதில்லை. விசாரணை அறிக்கையில் கையெழுத்திட்டவரும் நிற்பதில்லை. வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களை எடுத்துக்கொள்ளலாம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு அந்த வேலைக்குச் செல்ல 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டுத் தருவது ஏஜென்ட். பிடிபட்டால் கம்பி எண்ணுவது அந்தப் பெண். அவளையும் சோட்டா ராஜனையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கையைச் சேர்ந்தவர்களுக்கு முறைகேடாக இந்திய பாஸ்போர்ட் கிடைத்ததாக மதுரையில் தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு வழக்குப் பதிந்தது. அது விசாரிக்கப்பட வேண்டிய குற்றம், சந்தேகமில்லை. அதே மதுரையில்தான், 1986-இல் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உயர் நீதிமன்றக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அப்படியிருந்தும் அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. உரிமையுள்ளவரையே இப்படி அலையவிட்டால், முகாம் வாசலில் காத்திருக்கும் ஏஜென்ட்டுக்கு வேறு விளம்பரம் எதற்கு?

ஏமாற்றியவரையும் வேறு வழியின்றிப் போலி ஆவணம் எடுத்தவரையும் பிரித்துப் பார்க்கும் சிக்கலை இங்கிலாந்து முன்பே சந்தித்தது. உயிருக்கு அஞ்சிப் போலி ஆவணத்தோடு வந்த அகதிகளைச் சிறைக்கு அனுப்பியது தவறு என்று லண்டன் உயர் நீதிமன்றம் 1999-இல் கூறியது. அவர்களுக்கான சட்டப் பாதுகாப்பும் அதே ஆண்டு அங்கே வந்தது. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத இந்தியாவில், ஓடிவந்தவருக்கும் ஏமாற்றியவருக்கும் ஒரே பிரிவு, ஒரே குற்றப்பத்திரிகை.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு போலி பாஸ்போர்ட் வழக்கிலும் முகவரியைச் சரிபார்த்தவர் யார், ஒப்புதல் அளித்தவர் யார், பணம் வாங்கியவர் யார் என்பதைக் குற்றப்பத்திரிகை சொல்லியாக வேண்டும். பாஸ்போர்ட் சட்டத்தின்கீழ் வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. அந்த அனுமதிக்குக் காலக்கெடு வைத்து, ஊழியர்கள் மீதான கோப்புகளை முதலில் நகர்த்த வேண்டும்.