ஜப்பானுக்கு என்ன கொண்டுபோவது?



அடுத்த மாதம் ஜப்பான் போகும் பழைய மாணவி ஒருத்தி, "சார், அங்கே தெரிஞ்சவங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?" என்று கேட்டாள். எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

மகன் அங்கே வேலை பார்த்தபோது, அவனுக்கு உதவிய ஒரு குடும்பத்துக்குப் பெரிய பித்தளைக் குத்துவிளக்கு கொண்டுபோனேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டே வாரத்தில் விலையுயர்ந்த பதில் பரிசு வந்தது. இதை 'ஒகாஎஷி' என்பார்கள். வாங்கிய பரிசின் மதிப்பில் பாதியளவுக்குத் திருப்பிச் செய்வது அவர்கள் வழக்கம். நன்றி சொல்லப் போய், செலவு வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டுபோனேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, அது எந்த ஊர் என்று கேட்டார்கள். பேச்சு வளர்ந்தது.

ஆகவே சிறியதாக, பகிர்ந்து தின்னக்கூடியதாக, தனித்தனியே தாளில் சுற்றியதாக வாங்குங்கள். கடலை ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேளுங்கள். மாம்பழமும் இறைச்சிப் பண்டமும் வேண்டாம். விமான நிலையத்தைத் தாண்டாது. எண்ணிக்கையில் நான்கும் ஒன்பதும் ஆகாது. அவற்றின் உச்சரிப்பு சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும். நாம் மொய்யில் நூற்றொன்று எழுதுவதில்லையா? இரு கைகளாலும் கொடுங்கள். உங்கள் முன் பிரிக்காவிட்டால் வருந்தாதீர்கள்; அது அவர்கள் மரியாதை.

வாங்குகிறவருக்குப் பாரமாகாததே நல்ல பரிசு. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.