இலண்டன் சுட்டெண்ணும் முதியோர் சேமிப்பும்

“2022ஆம் ஆண்டில் இலண்டன் பங்குச் சந்தை ஏறிற்றா, இறங்கிற்றா, ஐயா?” என்று மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் வினவினான். இலக்கணம் கற்பிப்போனிடம் கேட்கத்தக்க வினாவன்று. ஆயினும் விடை தேடினேன்.

அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் பிரித்தானிய நிதி மந்திரி குவாசி குவார்ட்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண் பெறுமதியான வரிக்குறைப்பை அறிவித்தார். குறையும் வருவாய்க்கு ஈடு யாதெனச் சொன்னாரல்லர். சுயாதீனமான மதிப்பீடும் உடன் வெளிவரவில்லை. 26ஆம் நாள் பவுண் முன் என்றுமில்லாதவாறு 1.03 டொலர் அளவுக்கு வீழ்ந்தது.

எனினும் பெருங்கம்பனிகள் நூற்றின் சுட்டெண் அவ்வாண்டு முடிவில் ஏறத்தாழ நூற்றுக்கு 1 வீதம் உயர்ந்தே நின்றது! அக்கம்பனிகள் வருவாயிற் பெரும்பங்கைக் கடல் கடந்து ஈட்டுவன. பவுண் மெலிய, அவ்வருவாய் பவுண் கணக்கிற் பருக்கும். உள்நாட்டு வாணிகத்தை மிகுதியும் நம்பும் அடுத்த 250 கம்பனிகளின் சுட்டெண்ணோ ஏறத்தாழ நூற்றுக்கு 20 வீதம் இறங்கிற்று. இவ்விறக்கம் முழுவதையும் அவ்வறிவித்தலின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. விலைவாசியும் வட்டியும் ஆண்டு முழுவதும் ஏறின.

என் நெஞ்சை வருத்துவது பிறிதொன்று. அரசாங்கக் கடன்பத்திரங்களை ஆங்கிலர் ‘பொன்விளிம்புடையன’ என்பர். நம்மவர் காணியை நம்புமாறுபோல அவர் அவற்றை நம்புவர். இளைப்பாறுங் காலம் நெருங்க, ஊழியர் சேமிப்பைப் பங்குகளினின்றும் பத்திரங்களுக்கு மாற்றுதல் அங்கே திட்டங்கள் பலவற்றின் வழக்கு. அப்பத்திரங்களே சரிந்தன. அவற்றை ஈடு வைத்துக் கடன்பட்டிருந்த இளைப்பாற்று நிதியங்களிடம் மேலும் ஈடு கேட்கப்பட்டது. ஈடு கொடுக்கப் பத்திரத்தை விற்றன. விற்க, விலை மேலும் விழுந்தது. 28ஆம் நாள் இங்கிலாந்து வங்கி தானே வாங்கப் புகுந்து அச்சுழலைத் தணித்தது. அடுத்த மாதமே வரிக்குறைப்பிற் பெரும்பகுதி கைவிடப்பட்டது. பிரதம மந்திரி லிஸ் ட்ரஸும் ஒக்டோபர் 20இல் பதவி துறப்பதாக அறிவித்தார்.

வரியைக் குறைத்தல் பிழையென்பது என் கட்சியன்று. கணக்கைக் காட்டாது குறைத்தமையே பிழை. நூற்றின் சுட்டெண்ணைக் காட்டிச் சந்தைக்கு ஊறில்லை என வாதிடுவோரை நான் ஒப்பேன். துணிந்து பங்கு வாங்கியவன் இழப்புக்கும் ஆயத்தமாயிருப்பான். அஞ்சிப் பத்திரத்தில் ஒதுங்கிய முதியவர் எதற்கு ஆயத்தமாயிருந்தார்? இளைப்பாறச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ள எனக்கு இவ்வினா புறத்ததன்று.

கரும்பலகையில் இரண்டு சுட்டெண்களையும் எழுதிக் காட்டினேன். மாணாக்கன் சிறிது நேரம் நோக்கியிருந்து, “முதியவர் கணக்கு இவற்றுள் எதில் வரும், ஐயா?” என்றான்.

இரண்டிலும் வராது என்றேன்.