பார்க்காமல் வாங்கச் சொல்வது யாருடைய நன்மைக்கு?

"டெல்லியில் பாதி விலைக்கு ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும்போது சென்னையில் வாங்குகிறவன் ஏமாளி" என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இளைஞர்களைப் பார்த்துச் சொன்ன புத்திமதி அது. வீடியோவில் பார், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பு, லாரியில் ஏற்றச் சொல், வாசலில் இறக்கிக்கொள். 2,300 கிலோமீட்டர் போய்வருவது வீண் செலவு என்கிறார். இதில் ஒரு வரிகூட வாங்குகிறவனுக்காக எழுதப்படவில்லை. எல்லாமே விற்கிறவனுக்கு வசதி.

அந்த விலை ஏன் பாதியானது என்று அவர் கேட்கவே இல்லை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்தது. அதன் பிறகு கெடுபிடி கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. அச்சம் மட்டும் விலையில் தங்கிவிட்டது. அவர் உதாரணம் காட்டிய 2012ஆம் ஆண்டு ஆடி டிடியின் பதிவு 2027இல் முடிகிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000. டிடி முழு வண்டியாக இறக்குமதியான கார். அவருடைய கணக்கில் இந்தத் தொகை எங்கே?

வரியையும் அவர் மறைத்துவிட்டார். வெளிமாநில வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலைக்கு அல்ல. வண்டி புதிதாக விற்ற விலையை வைத்து, அதன் வயதுக்கேற்ற விழுக்காட்டில். புதிதாக அரைக் கோடியை ஒட்டி விற்ற காருக்கு அந்த வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு அவர் எழுதியிருக்கலாம். பதிலாக, அந்த வரியைத் தவிர்க்க, "புதுச்சேரியில் ஒரு முகவரி பிடித்து பி.ஒய். நம்பர் வாங்கிவிடு" என்று வழி சொல்கிறார். வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோதான் வண்டியைப் பதிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இல்லாத முகவரியில் புதுச்சேரிப் பதிவு வாங்கியதற்காக 2017இல் கேரளத்தில் பிரபலமான நடிகர்கள்மீதே வழக்குப் பாய்ந்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதி இருந்தது. மாதத் தவணை கட்டி கார் வாங்கும் திண்டிவனத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? போலி முகவரி கொடுக்கச் சொல்வதைச் சிக்கனம் என்று அச்சிடுவது வெட்கக்கேடு.

"வீடியோவில் தெரியாதது நேரில் என்ன தெரிந்துவிடும்?" என்று அவர் கேட்கிறார். விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்பதுதான் என்னால் தாங்க முடியாதது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். அப்படி மூழ்கிய வண்டியை உள்ளூரில் யார் வாங்குவார்கள்? அதன் கதை தெரியாத ஊர்தான் அதற்குச் சந்தை. டெல்லிக்கும் அப்படி ஒரு கதை உண்டு: 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு உயர்ந்து தெருக்களுக்குள் புகுந்தது. தரையை ஒட்டி ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

நேரில் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கலாம். மூழ்கிய வண்டியென்றால் அடியில் சேற்றுக் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் சீட்டுக்கு அடியில் துரு தெரியும். விற்கிறவர் எழுந்து என்ஜினைச் சூடாக்குவதற்கு முன்பே காலையில் போய் நின்றால், ஆறிய என்ஜின் முதல் ஸ்டார்ட்டில் என்ன புகை விடுகிறது, என்ன சத்தம் போடுகிறது என்று கேட்கலாம். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் உதறல் காலுக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. குறைவாகத்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு டயரும் நான்கு வெவ்வேறு வயதில் இருந்தால் காரணம் கேட்கலாம். ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லை என்பதோடு திருப்தியடையக் கூடாது. காரின் சுயசோதனைகள் முடியாமல் கிடந்தால் கோளாறுகளை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள் என்று பொருள். கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போய்வரும் செலவு, இந்தக் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் செலவுக்கு அருகில்கூட வராது. "ஆய்வறிக்கை அனுப்புகிறார்களே" என்கிறார். விற்கிறவர் கூலி கொடுத்து எழுதவைத்த அறிக்கை அது.

காகிதங்களைப் பற்றி அவர் எழுதியது ஒரே வாக்கியம்: "ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்." 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை, பூடான் வழியாகக் கடத்திப் போலி ஆவணங்களில் பதிவுசெய்தவை என்று சொல்லி முப்பதுக்கும் மேற்பட்ட சொகுசுக் கார்களைப் பறிமுதல் செய்தது. ஏஜென்டை நம்பியவர் வாசலிலிருந்தும் கார் போய்விடும். காப்பீட்டிலும் இதே அலட்சியம். வண்டி கைமாறினால் மூன்றாம் தரப்புக் காப்பீடு தானாக உங்களுக்கு வரும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது என்று 1990களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றம் முடியும் முன் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி அருகே ஒரு லாரியின் பின்னால் மோதினால் உங்கள் காருக்கு ஒரு ரூபாய் வராமல் போகலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில கார்கள் இந்தப் பக்கம் கிடைப்பதே இல்லை. 2015இல் வந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோவை நல்ல நிலையில் தேடுகிறவர் புனேவுக்கோ டெல்லிக்கோ போகத்தான் வேண்டியிருக்கும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். எனக்கும் அது உண்டு. தூரத்தில் வாங்குவதில் தவறில்லை. தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பி, நகையை அடகு வைத்து முன்பணம் அனுப்புகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ராணுவ வீரர் என்று அடையாள அட்டைப் படம் அனுப்பி, லாரி வாடகைக்கு முன்பணம் கேட்டு மறைந்துபோகும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அந்தக் கட்டுரை அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

டெல்லிக் காரில் கண் வைத்திருக்கும் தம்பிகளுக்கு: நேரில் போங்கள், உங்கள் மெக்கானிக்கோடு போங்கள். சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இல்லை என்ற வங்கிக் கடிதத்தைக் கேளுங்கள். டெல்லி அலுவலகம் தரும் தடையில்லாச் சான்றில் (என்.ஓ.சி.) விழுப்புரமோ திண்டிவனமோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.