மெனுவை மனப்பாடம் பண்ணி என்னத்தைக் கிழிச்சோம்?

டிஸ்கி: இது வாத்தியார்களைத் திட்டுற பதிவு இல்லை. திட்டு வாங்கப்போறது பாடப்புத்தகம், கேள்வித்தாள், அப்புறம் நான்.

எங்க ஊரு பரவை. மதுரையில இருந்து திண்டுக்கல் ரோட்டுல விளாங்குடி தாண்டினதும் வரும். "பரவை முனியம்மா ஊரா?"ன்னு கேக்காத ஆளை நான் இன்னும் பாக்கலை. ஆமாங்க, அதே ஊருதான். அந்தம்மாவை விட்டா எங்க ஊரு பேரு வெளிய தெரியறது காய்கறி மார்க்கெட்டால. போன லீவுல அங்க ஒரு கமிஷன் மண்டியில கணக்கு எழுதப் போனேன். பி.காம் மூணாவது வருஷம், கம்ப்யூட்டர் வேற தெரியும்னு சொன்னதும் முதலாளி உடனே உக்கார வச்சுட்டார்.

கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இருந்துச்சு மக்களே. பதினொண்ணாவதுல கணினிப் பயன்பாடுகள் பாடத்துல 94 மார்க். எந்த மெனுவுக்குள்ள எந்தக் கட்டளை ஒளிஞ்சிருக்கு, எந்த ரெண்டு விசையை சேர்த்து அமுக்கினா என்ன நடக்கும், எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

மண்டியில என்ன வேலைன்னா, வாரக் கணக்கு பாக்கிற விவசாயிகளுக்குப் பட்டியல் போடணும். என்னைக்கு எத்தனை பெட்டி தக்காளி வந்துச்சு, என்ன விலைக்குப் போச்சு, கமிஷன் எவ்வளவு, கைக்கு எவ்வளவு. எனக்கு முன்னாடி இருந்தவர் எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டு வச்சிருந்தார். மொத்தம் மேல வரும், வரவு எல்லாம் கீழ ஒண்ணொண்ணா ஏறும். நான் எண்ணைத் தட்டினேன், மேல வந்த மொத்தத்தைப் பாத்தேன், பிரிண்ட் எடுத்தேன், வாடிப்பட்டிப் பக்கத்துல இருந்து வந்த ஒரு பெரியவர் கையில பணத்தைக் கொடுத்தேன். அவரும் எண்ணி மடியில கட்டிக்கிட்டுப் போயிட்டார்.

மறுநாள் காலையில பழைய கணக்குப்பிள்ளை அய்யா தன்னோட துண்டுச்சீட்டுகளைக் கூட்டிப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ கூட்டிப் பாத்தியா?"

"கம்ப்யூட்டர் கூட்டிருச்சுங்கய்யா."

"அது சரி. நீ கூட்டிப் பாத்தியா?"

விஷயம் என்னன்னா, மேல இருந்த அந்த ஃபார்முலா டி5-ல இருந்து டி24 வரைக்கும் மட்டும்தான் கூட்டும். இருபது வரி. அந்த வாரம் பெரியவருக்கு இருபத்து மூணு வரவு. கடைசி மூணு வரியில இருந்த 4,360 ரூபாயைக் கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்லை. பத்து சதவீதம் கமிஷன் போக அவருக்கு 3,924 ரூபாய் குறைவாக் கொடுத்து அனுப்பியிருக்கேன்.

போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். "கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு சொன்னீங்க, சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டு வந்துட்டேன் தம்பி"ன்னார்.

நிற்க. இந்த ஒத்தை வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய பதிவு.

என் 94 மார்க்குல, "ஒரு ஃபார்முலா எதை எல்லாம் கூட்டுது, எதை விட்டிருக்குன்னு பாக்கணும்"ங்கிறதுக்கு எத்தனை மார்க் இருந்துச்சு? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு கூட ஞாபகம் வரலை. எக்ஸெல்ல அந்தக் கட்டத்துல நின்னு எஃப்2 அமுக்கினா, எதை எல்லாம் கூட்டுதுன்னு கலர் கட்டம் போட்டுக் காட்டிரும். ரெண்டு செகண்ட் வேலை. அந்த ரெண்டு செகண்ட் எனக்குத் தெரியலை. ஆனா எழுத்தை சாய்வா மாத்த என்ன விசைன்னு தெரியும்!

நான் ஒருத்தன்தான் மக்குன்னு நினைச்சா அதுவும் இல்லை. ஹார்வர்ட்ல ரெய்ன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள். நாட்டோட கடன் 90 சதவீதம் தாண்டினா வளர்ச்சி படுத்துரும்னு 2010ல ஒரு கட்டுரை எழுதினாங்க. பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டித்தான் செலவை வெட்டணும்னு பேசினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர், வகுப்புல கொடுத்த வேலைக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தார். எக்ஸெல்ல சராசரி எடுத்த ஃபார்முலா 30-வது வரியில இருந்து 49 வரைக்கும் போக வேண்டியது, 44-லயே நின்னிருந்துச்சு. அஞ்சு நாடு அம்போ! கணக்கு மாறினதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு. ஆனா இந்தப் பிழையை அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

2020ல இங்கிலாந்துல இன்னும் மோசம். கொரோனா வந்தவங்க பட்டியலைப் பழைய எக்ஸெல் வடிவத்துல ஏத்தியிருக்காங்க. அதுல 65,536 வரிக்கு மேல போகாது. மிச்சம் அப்படியே காணாமப் போச்சு. 15,841 பேர் கணக்குல வராம, அவங்க கூடப் பழகினவங்களைத் தேடுற வேலையும் தாமதமாச்சு.

எனக்கு மூணு வரி, ஹார்வர்டுக்கு அஞ்சு வரி, இங்கிலாந்துக்குப் பதினஞ்சாயிரம் சொச்சம். நோய் ஒண்ணுதான். எண்ணைப் போட்டோம், விடை வந்துச்சு, நம்பிட்டோம். இந்த நோய்க்கு மருந்து எந்த மெனுவுலயும் இல்லை.

சரி, நாம மனப்பாடம் பண்ற அந்த மெனுவாவது நிலைக்குதான்னு பாப்போம்.

எங்க அக்கா பிளஸ் டூ எழுதினது 2014ல. கணினி அறிவியல் முதல் தொகுதி பெரும்பாலும் ஸ்டார் ஆபீஸ். 150 மார்க் எழுத்துத் தேர்வுல 75 கேள்வி ஒரு மார்க். ராத்திரி பூரா மெனு பேரை முணுமுணுத்துக்கிட்டே திரியும். அந்த ஸ்டார் ஆபீஸ் கதை என்னன்னா, 1999ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2010ல சன்னையே ஆரக்கிள் வாங்கி, பேரை மாத்தி, 2011ல மூடிட்டாங்க. செத்துப்போய் மூணு வருஷம் ஆன சாஃப்ட்வேருக்கு எங்க அக்கா பரீட்சை எழுதிருக்கு! திவசம்னு வச்சுக்கலாம்.

2018ல பாடத்திட்டம் மாறுச்சு. பதினொண்ணாவது புத்தகத்துல ஓப்பன் ஆபீஸ் வந்துச்சு. இலவச சாஃப்ட்வேரைச் சொல்லிக் கொடுக்கிறது நல்ல காரியம், அதுல எனக்குச் சண்டையே இல்லை. ஆனா ஓப்பன் ஆபீஸைச் செஞ்சவங்கள்ல நெறைய பேர் 2010லயே பிரிஞ்சு போய் லிப்ரே ஆபீஸ் ஆரம்பிச்சுட்டாங்க. ஓப்பன் ஆபீஸ்ல கடைசியா பெரிய பதிப்பு வந்தது 2014ல. அதுக்கப்புறம் எல்லாம் ஒட்டுவேலைதான். அதாவது அக்கா இறந்ததைப் படிச்சது, நான் படுத்த படுக்கையா இருந்ததைப் படிச்சேன். முன்னேற்றம்தானே!

காமர்ஸ் பசங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் டேலி. பன்னெண்டாவது கணக்குப்பதிவியல் கடைசிப் பாடத்துல டேலி இ.ஆர்.பி 9 இருந்துச்சு. ஒரு கணக்கு தொடங்கணும்னா இதுக்குள்ள போ, அதுக்குள்ள போ, அப்புறம் இதைத் தேர்ந்தெடுன்னு படிப்படியா எழுதி மார்க் வாங்கினோம். 2020 நவம்பர்லயே டேலி பிரைம் வந்து அந்த வழியை மாத்திருச்சு. மண்டியில பிரைம்தான் இருந்துச்சு. முதல் நாள் "அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ"வைத் தேடித் தேடி, இல்லாத வாசலுக்கு முன்னாடி நின்ன மாதிரி முழிச்சேன். ஆனா கணக்கைத் தொடங்கினதும் அது ஒரு கேள்வி கேட்டுச்சு: இது எந்தத் தொகுதிக்குக் கீழ வரும்? அது மட்டும் மாறவே இல்லை. சரக்கு கொடுத்துட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற விவசாயி நமக்குப் பற்பல கடனீந்தோர். கடனுக்கு வாங்கிட்டுப் போன ஓட்டல்காரர் பற்பல கடனாளி. இதைத் தெரிஞ்சவன் எந்தப் பதிப்பு வந்தாலும் பொழைச்சுக்குவான். வழியை மட்டும் படிச்சவன், பதிப்பு மாறின அன்னைக்கே ஃபெயில்.

எக்ஸெல்லும் அப்படித்தான். 2007ல மெனு எல்லாத்தையும் தூக்கிட்டு ரிப்பனைக் கொண்டுவந்தாங்க. மெனுவை மனப்பாடம் பண்ணினவங்க மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ். ஆனா கட்டம், ஃபார்முலா, ஒரு எண்ணை மாத்தினா அதை நம்பியிருக்கிற எல்லாம் தானா மாறுறது, இது மூணும் 1979ல வந்த விசிகால்க்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அதேதான். அந்த யோசனை யாருக்கு வந்துச்சு தெரியுமா? டான் பிரிக்லின்னு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவருக்கு. ஒரு எண்ணு மாறினா கரும்பலகையில இருக்கிற மொத்த அட்டவணையையும் அழிச்சு எழுத வேண்டியிருக்கேன்னு கடுப்பாகித்தான் யோசிச்சார். நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு சார்! மெனு படிச்சு வந்தவர் இல்லை, கணக்குல மாட்டிக்கிட்டு வந்தவர்.

உடனே சில பேர் சண்டைக்கு வருவீங்க. வாங்க.

"அப்போ கைடே வேண்டாம்கிறியா?" ஐயோ, கைடு கட்டாயம் வேணும். புதுசா ஒரு சாஃப்ட்வேரைத் தொடுறவனுக்கு நல்ல கைடு மாதிரி துணை கிடையாது. ஆனா அது பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு வேலை பாக்கறதுக்கு. அகராதியை யாராவது மனப்பாடம் பண்ணுவாங்களா? வார்த்தை தெரியலைன்னா திறக்கிறோம், பாக்கிறோம், மூடுறோம். நாமதான் கைடுன்னதும் கோனார் உரை ஞாபகத்துல உருப்போட ஆரம்பிச்சுடறோம். அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. எக்ஸெல்ல ஃபார்முலாவைக் காட்டுற அதே எஃப்2, டேலியில தேதியை மாத்தும். காரணம் தெரியாம விசையை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா இப்படித்தான்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்லாத பையன் மனப்பாடம் பண்ணாம என்ன பண்ணுவான்?" இதுதான் நியாயமான கேள்வி. எங்க வீட்டுலயும் அப்ப கிடையாது. 2011 செப்டம்பர்ல தொடங்கின விலையில்லா மடிக்கணினியும் நாங்க பள்ளிக்கூடத்துல இருந்தப்ப எங்க செட்டுக்கு வரலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் இல்லாத பையனுக்கு மெனு பேரு எதுக்கு உதவும்? அவன் கையில நோட்டு இருக்கு. கட்டம் போட்டு, மேல ஏ, பி, சி, பக்கத்துல 1, 2, 3 எழுதி, "இந்த ஃபார்முலா எந்த வரியை விட்டுச்சு, கண்டுபிடி"ன்னு கேக்கலாமே? காகிதத்துலயே கத்துக்கலாம். எங்க கணக்குப்பிள்ளை அய்யா துண்டுச்சீட்டுலதான் என் தப்பைப் பிடிச்சார். மெனுவைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா ஒரு வாரத்துல கத்துக்கலாம். சந்தேகப்படுறதுக்குத்தான் வருஷக்கணக்குல பழக்கம் வேணும்.

"மார்க் வேணுமே தம்பி?" வேணும்தான். அதனாலதான் கேள்வித்தாளை மாத்தணும்கிறேன். பரீட்சை ஹால்ல கைடைக் கையில கொடுங்க. தப்பு இருக்கிற ஒரு பட்டியலைக் கொடுங்க. ஒரு இடத்துல ஃபார்முலா பாதியில நிக்கட்டும், ஒரு இடத்துல "25 பெட்டி"ன்னு எழுத்தும் சேர்ந்து கிடக்கட்டும். அதை எண்ணா எடுத்துக்காம கூட்டல் தாண்டிப் போயிரும், அதைப் பையன் கண்டுபிடிக்கட்டும். சாஃப்ட்வேர் எதுவா வேணா இருக்கட்டும். எக்ஸெல்லோ லிப்ரேவோ, அந்தக் கேள்விக்கு வயசே ஆகாது.

இப்போ நான் என்ன பண்றேன்னா, மொத்தத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி வரியை எண்ணுவேன். அப்புறம் எல்லாக் கட்டத்தையும் தேர்ந்தெடுத்து, கீழ பட்டையில தெரியிற கூட்டுத்தொகையும் ஃபார்முலா சொல்ற தொகையும் ஒண்ணான்னு பாப்பேன். அப்புறம்தான் பிரிண்ட். முதலாளி கேலி பண்ணுவார், "என்ன தம்பி, கம்ப்யூட்டரையே நம்ப மாட்டேங்கிற"ன்னு.

அடுத்த வாரம் பெரியவர் வந்தப்போ 3,924 ரூபாயைத் தனியாக் கவர்ல போட்டுக் கொடுத்தேன். எண்ணாமலே மடியில வச்சார். எண்ணிப் பாருங்கய்யான்னேன். "நீங்க எண்ணியிருப்பீங்கள்ல"ன்னு சிரிச்சார்.

எண்ணித்தான் இருந்தேன். ரெண்டு தடவை. ஆனாலும் அவரை விடலை, எண்ணிப் பாத்துட்டுத்தான் போகணும்னு நின்னேன். எண்ணிட்டுத்தான் போனார்.